மாசி போட்ட கத்தரிக்காய்

சாயங்காலம் ஆனால் ஷைஸ்தாவிடமிருந்து ஒரு கேள்வி போனில் வந்து விழும். "இன்னைக்கு என்ன?"

பி.காம். முதல் வருஷத்தில் தொடங்கிய பழக்கம். சயான் கல்லூரியில் ஒரே பெஞ்சு, தாராவியில் இரண்டு சந்து தள்ளி வீடு. இரண்டு வீட்டிலும் ராத்திரிச் சமையல் மகள் தலையில். ஆகவே அந்தக் கேள்விக்கு என்ன சாப்பிடப்போகிறாய் என்று அர்த்தமில்லை, என்ன வைக்கப்போகிறாய் என்று அர்த்தம். பதிலாகப் போட்டோ போகும். தட்டில் கொத்தமல்லி தூவி எடுக்கக் கூடாது, அடுப்பில் சட்டி இருக்கிறபடியே எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம். கரி படிந்த விளிம்பு, பிடி உடைந்த மூடி, பக்கத்தில் கிடக்கும் ஈரத்துணி எல்லாம் படத்தில் விழும். மற்ற சிநேகிதிகள் வெளியே தின்ற பீட்சாவைப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் இருவரும் புளிக்குழம்பையும் ஆணத்தையும் பார்த்துக்கொண்டார்கள். ஷைஸ்தா வீட்டில் குழம்புக்கு ஆணம் என்று பெயர்.

ஷைஸ்தாவுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. சங்கரேஸ்வரி எழுதி அனுப்பினால், "படிக்கவே நாளாகும், வாயால சொல்லு" என்று குரலில் பதில் வரும்.

சங்கரேஸ்வரி வீட்டுக் கணக்கு இப்படி. அம்மா சீனியம்மாள் இட்லி வியாபாரம். கோழி கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து அவித்துத் தெருவுக்கு அனுப்பினால், மத்தியானம் ஊறப்போட்டு, சாயங்காலம் ஆட்டி, விளக்கு வைத்ததும் படுத்துவிடுவாள். முழங்கால் இரண்டும் போய்விட்டது. அப்பா அய்யாத்துரை தொண்ணூறடி ரோட்டில் மளிகைக்கடை. கடையை அடைத்துவிட்டு வரும்போது சோறு சுடச்சுட இருக்க வேண்டும். தம்பி இசக்கிராஜ் குர்லாவில் ஒரு மொபைல் கடையில் வேலை. பொழுது சாயும்போதே வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்குச் சமைக்கத் தெரியாது என்று வீட்டில் பேச்சு. மேகி போடத் தெரியும். அதில் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப்போட்டு முட்டை உடைத்து ஊற்றத் தெரியும். தனக்குப் பசித்தால் எல்லாம் தெரியும்.

சங்கரேஸ்வரி எட்டாம் வகுப்பில் கரண்டியைப் பிடித்தவள். அந்த வீட்டில் மட்டுமில்லை, அப்பா வழி அம்மா வழி இரண்டிலும் முதலில் டிகிரி வாங்கியவள் அவள்தான். பட்டமளிப்புப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டிய அன்றைக்கும் ராத்திரி சாம்பார் அவள்தான் வைத்தாள். போட்டோவைத் துடைத்துத் துடைத்துப் பார்த்த அப்பா, அந்தச் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார்.

அவள் வேலை பார்த்தது செம்பூரில், ஒரு கூரியர் கம்பெனியின் கணக்குப் பிரிவில். ஆபீஸ் விட்டால் கொஞ்ச நேரத்தில் வீடு. மழை ஆரம்பித்த பிறகு கம்பெனி ஆபீஸைக் கோபர்கைரனேக்குத் தூக்கிக்கொண்டு போனது. வருகிறவர்கள் வரலாம், முடியாதவர்கள் எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மெயில் வந்தது. சயானில் ஏறி, குர்லாவில் மாறி, வாஷியில் மாறி, திரும்பி வரும்போதும் அதே பாடு. அப்பா வருவதற்குச் சற்று முன்னால்தான் அவளால் வாசல் மிதிக்க முடியும்.

"வேலைய விட்டுரு. செம்பூர்லயே வேற பாத்துக்கலாம்," என்றார் அய்யாத்துரை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் ஒரு பிராண்டு பிஸ்கட் வரவில்லை என்றால் வேறு எடுத்துக் கொடுப்பாரே, அந்த மாதிரி.

அவள் ஒரு மாதம் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அப்பாவும் சரி பார் என்றார். சோறு தாமதமாகிற அன்றைக்குத் தீர்ந்தது என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் ஷைஸ்தா இன்னைக்கு என்ன என்று கேட்டபோது, சங்கரேஸ்வரி போட்டோ அனுப்பவில்லை, போன் பண்ணினாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே ஷைஸ்தா வாணலியைக் கிளறினாள். அந்தப் பக்கம் வெங்காயம் வதங்கும் சத்தம் கேட்டது.

"நானும் உன்ட்ட ஒண்ணு சொல்லணும். மாட்டுங்கால சி.ஏ. கிளாஸ் சேரணும்னு சொன்னேன்ல. சாயங்கால பேட்ச்தான் இருக்காம். உம்மாவால ஒத்தையா முடியாது, வாப்பாவோட ஒர்க்‌ஷாப் ஆளுகளுக்கும் சேத்துப் பொங்கணும். வேணாம்னு விட்டுட்டேன்."

"நீயும் தக்காளி வெட்டுற, நானும் தக்காளி வெட்டுறேன்."

"ஆமா. அதுக்கு என்ன?"

"ஒரு நாளு நீ ரெண்டு வீட்டுக்கும் வெட்டு. மறுநாளு நான் வெட்டுதேன்."

"பாகல் ஹை க்யா, பைத்தியமா உனக்கு," என்றாள் ஷைஸ்தா. கொஞ்சம் கழித்து, "உங்க அப்பா ஒத்துப்பாரா?" என்றாள்.

"அவருட்ட யாரு கேக்கப்போறா?"

அப்படி ஆரம்பித்தது. சோறு அவரவர் வீட்டில், குழம்பும் தொடுகறியும் ஒரு வீட்டில். சங்கரேஸ்வரியின் முறை என்றால் விடியற்காலையில் அம்மா இட்லிச் சட்டியை இறக்குகிற நேரத்தில் பக்கத்து அடுப்பில் பெரிய சட்டியை ஏற்றிவிட்டு, பாதியைத் தூக்குச்சட்டியில் ஊற்றி ஷைஸ்தா வீட்டில் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவாள். அன்றைக்கு ஷைஸ்தா கிளாஸுக்குப் போவாள். ஷைஸ்தாவின் முறை என்றால் சங்கரேஸ்வரி ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் அந்தச் சந்தில் நுழைந்து, தூக்குச்சட்டியை வாங்கி ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தன் சட்டியில் கொட்டிச் சூடுபண்ணி வைப்பாள். அய்யாத்துரை வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்.

சீனியம்மாள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். படுத்தபடியே மூக்கை உறிஞ்சினாள்.

"தாளிச்ச வாசமே வரல. நீ ஒண்ணும் வதக்கல, கொழம்பு மட்டும் எப்பிடிட்டி கொதிக்கி?"

சங்கரேஸ்வரி சொன்னாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"உங்க அப்பாக்குத் தெரியாண்டாம். தெரிஞ்சா உன்னய ஒண்ணும் சொல்ல மாட்டாரு. என் தலையில வந்து விடியும்."

ஆடியும் ஆவணியும் போயின. ஷைஸ்தாவின் வாப்பா கனி பாய் வீட்டிலிருந்து மட்டன் தால்ச்சா வந்தது. இறால் வந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணம் வந்தது. அய்யாத்துரை முன்பு ஒரு தரம் சோறு வாங்கியவர் இரண்டு தரம் வாங்கினார். "ஆபீஸ் தூரமானதும் கைப்பக்குவம் வந்துட்டே இவளுக்கு," என்றார். அம்மா சுவரைப் பார்த்து இருமினாள்.

புரட்டாசி பிறந்தது. அய்யாத்துரைக்குப் புரட்டாசி முழுக்கச் சைவம். கடையில் முட்டை விற்பார், வீட்டில் ஓடுகூடக் கிடக்கக் கூடாது. சங்கரேஸ்வரி மறக்காமல் ஷைஸ்தாவிடம் சொன்னாள். ஷைஸ்தா உம்மாவிடம் சொன்னாள். உம்மாவின் பெயர் பேகம். அவர் இதற்கென்று புதுச் சட்டி ஒன்றே எடுத்துவைத்தார். "நோன்பு பிடிக்கிற மனுசருக்குக் கொடுக்கிறோம், கறி பட்ட சட்டி வேண்டாம்," என்றாராம். பீர்க்கங்காய் வந்தது, பூசணிக்காய் வந்தது. ஒரு நாள் கத்தரிக்காய் வந்தது, தேங்காய் அரைத்து, நன்றாகச் சுண்ட வைத்தது.

அய்யாத்துரை பிசைந்து முதல் வாய் வைத்தார். இரண்டாவது வாய்க்குக் கை எழவில்லை. கத்தரிக்காயை விரலால் நசுக்கி விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"கத்தரிக்காய், தேங்காய்."

"அது எனக்குத் தெரியுது. வேற?"

வேறு என்னவென்று சங்கரேஸ்வரிக்கு உண்மையாகவே தெரியாது. அவர் விரல்நுனியில் ஒட்டியிருந்த பழுப்புத் தூளை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"மாசி," என்றார்.

கட்டிலில் கிடந்த இசக்கிராஜ் போனிலிருந்து கண்ணை எடுத்தான். "அப்பிடின்னா?"

"சூரை மீன அவிச்சுக் காயவச்சு, வெறகுக்கட்ட மாதிரி ஆக்கி வச்சிருப்பான். இடிச்சுத் தூவுனா தூள் மாதிரி இருக்கும். கத்தரிக்காய்ல இதப் போடுதது காயல்பட்டினத்து வீட்டுப் பழக்கம். எங்க ஊர்ல இருந்து சைக்கிள் மிதிச்சாப் போயிரலாம், எனக்கா தெரியாது?" சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தெருவில் காயல்பட்டினத்து வீடு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப்பார்க்க அவருக்கு நேரம் தேவைப்படவில்லை. "ஏட்டி. இது கனி பாய் வீட்டுலேர்ந்துல்லா வந்திருக்கு."

"ஆமா."

"எத்தன நாளா?"

"ஆபீஸ் மாறுனதுல இருந்து. ஒரு நாளு அவ வைப்பா, ஒரு நாளு நான் வைப்பேன்."

அய்யாத்துரை கட்டிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமாட்டி?"

"எனக்கு என்ன தெரியும். நான் விளக்கு வச்சா ஒறங்கிருதேன்," என்றாள் சீனியம்மாள். உறங்குகிறவள் எப்படி உடனே பதில் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

"அப்பம் அந்த தால்ச்சா?" என்றான் இசக்கிராஜ். "அது இவ வச்சதில்லியா? அதான் பாத்தேன்."

சங்கரேஸ்வரி எல்லாவற்றுக்கும் தயாராக நின்றாள். விரதம் போச்சு என்பார், துலுக்க வீட்டுச் சோறா என்பார், வேலையை விடு என்பார். ஒவ்வொன்றுக்கும் பதில் ரயிலில் வரும்போதே யோசித்துவைத்திருந்தாள், பல நாளாக. அய்யாத்துரை கேட்டது வேறு.

"நம்ம மொறைக்கு நீ என்ன அனுப்புன?"

"பருப்பு."

"பருப்புன்னா?"

"பருப்பும் தக்காளியும். முட்டகோஸ் கூட்டு. ஒரு நாளு ரசம்."

"ரசம்." தட்டை நகர்த்தி வைத்தார். "அவன் ஏறால் அனுப்பி, மட்டன் அனுப்பி, அய்யாத்துரை வீட்டுலேர்ந்து ரசம் போயிருக்கு."

"காலையில ரயிலுக்கு ஓடுறவ ஏறாலா உரிச்சிட்டு இருப்பா?"

"தெனம் கடைக்கு வாரான். அண்ணாச்சி, அண்ணாச்சின்னு சிரிச்சிட்டே நிக்கான். அந்தச் சிரிப்பு எதுக்குன்னு இப்பல்லா தெரியுது. மளிகைக்கட வச்சிருக்கான், ஊருக்கெல்லாம் பருப்பு நிறுத்துப் போடுதான், வீட்டுல வைக்கது தண்ணிப் பருப்புன்னு நெனச்சுருப்பான்."

"அவங்க அப்பிடி நெனைக்க மாட்டாங்க."

"நெனைக்காமலா இருப்பான்? நானா இருந்தா நெனைப்பேன்."

எழுந்து போய்க் குளித்தார். ஈரத்தலையோடு வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது முடிந்ததும் தீர்ப்புச் சொன்னார். கொடுக்கல் வாங்கலை நிறுத்தினால் ரசம் கொடுத்தே ஏமாற்றிவிட்டு ஓடியதாக ஆகும். ஆகவே நடக்கட்டும். ஆனால் இனி இந்த வீட்டு முறைக்கு இவள் வைக்கக் கூடாது. "உங்கம்மா வைப்பா. அவ கையில புளிக்கொழம்பு வச்சா ரெண்டு சந்துக்கு மணக்கும். காயல்காரனும் தெரிஞ்சுக்கிடட்டும்."

 விரதம் முறிந்த மனுஷன் வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது என்று சீனியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து ரவை வறுத்தாள்.

மறுநாள் ரயிலில் போன் வழியே ஷைஸ்தாவின் குரல் காதில் கத்தியது. "அரே சங்கரி, மாசி மீனா? அது மசாலா டப்பால இருக்கு, மஞ்சத்தூள் பக்கத்துல. மீன்னா மீன் மாதிரி இருக்கணும்ல? உம்மாட்ட கேட்டா, கத்தரிக்கா வெஜிடபிள்தானேங்கிறாங்க. நான் சொன்னப்புறம்தான் அவங்களுக்கே உறைச்சுது. ஒரு மனுசரோட நோன்ப முறிச்சிட்டமேன்னு உக்காந்து அழுறாங்க. உங்க வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேக்கணுமாம்."

"வர வேண்டான்னு சொல்லு. எங்கப்பா அதுக்குக் கோவப்படல."

"பின்ன?"

"நான் ரசம் அனுப்புனதுக்கு."

ஷைஸ்தா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற மராத்திப் பெண்மணி திரும்பிப் பார்த்தாள். சிரித்து முடித்துவிட்டு ஷைஸ்தா தாழ்ந்த குரலில் கேட்டாள். "நின்னுபோயிராதுல்ல? கிளாஸுக்குப் பீஸ் கட்டியாச்சு சங்கரி. நடுவுல விட்டா மறுபடி வாப்பா விடமாட்டாரு."

"நிக்காது. அம்மா வைப்பா."

சொல்லும்போது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. வேலை தப்பித்தது. விடியற்காலையில் அடுப்பில் நிற்க வேண்டாம். கூடுதலாக உறங்கலாம். உறங்கினாள். சீனியம்மாள் இட்லியை அவித்து அனுப்பிவிட்டு, முன்பெல்லாம் கொஞ்சம் காலை நீட்டுகிற நேரத்தில், புளி கரைத்தாள், தேங்காய் துருவினாள், சுண்டைக்காய் வற்றலை வறுத்தாள். அய்யாத்துரை கடையிலிருந்து நல்லெண்ணெயும் நயம் பருப்பும் எடுத்து அனுப்பினார். கனி பாய் வீட்டிலிருந்து வழித்து நக்கிய மாதிரி தூக்குச்சட்டி திரும்பி வந்தது. கடையில் கனி பாய், "அண்ணாச்சி, அந்தப் புளிக்கொழம்பு இருக்கே," என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் அய்யாத்துரை தராசைப் பார்த்துக்கொண்டே, "அது சும்மா வீட்டுல வைக்கதுதான்," என்பார். எல்லாருக்கும் நல்லதாகப் போயிற்று. ஷைஸ்தா கிளாஸுக்குப் போனாள், சங்கரேஸ்வரி ஆபீஸுக்குப் போனாள், அப்பாவின் மானம் மணத்தோடு இரண்டு சந்து தாண்டிப் போய்வந்தது. அம்மாவின் கால் மட்டும் வீங்கியது.

ஒரு நாள் சங்கரேஸ்வரி வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா இன்னும் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து, முழங்காலில் வெந்நீர்த் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு நம்ம மொறையில்லா. என்ன வைக்கட்டி?"

ஷைஸ்தா கேட்கிற அதே கேள்விதான். ஷைஸ்தா கேட்டால் சிரிப்பு வரும், இல்லாவிட்டால் ஒரு கெட்ட வார்த்தையாவது வரும். அம்மா கேட்டபோது சங்கரேஸ்வரிக்கு ஒன்றும் வரவில்லை. தான் இறக்கிவைத்த மூட்டை எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாள். கட்டிலில் இசக்கிராஜ் யாரோ ஒரு பையன் பைக்கில் ஒற்றைச் சக்கரத்தில் போவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவன வைக்கச் சொல்லும்மா."

"போட்டி. ஆம்பளப் பிள்ளையப் போயி."

"மேகி போடுதான்லா."

"அது வேற."

"எப்பிடி வேற?"

 அம்மாவுக்குக் கோபம் வந்தது. "நீ படிச்சவ, எல்லாத்தையும் கேள்வி கேப்ப. அவரு காதுல விழுந்தா என்னயத்தான் கேப்பாரு. பேசாம சோத்தத் தின்னு."

வீட்டில் சொன்னால் நடக்காது என்பது சங்கரேஸ்வரிக்குத் தெரியும். அப்பா மாட்டேன் என்பார், அம்மா அதற்கு ஆமாம் போடுவாள், தம்பி போனைப் பார்ப்பான். வீட்டுக்குள் அய்யாத்துரை யாருக்கும் பயப்படுகிற ஆள் இல்லை. அவர் பயப்படுகிற இடம் கடை. அங்கே நாலு பேர் நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போனாள். கூட்டமிருந்தது. கனி பாய் வருகிறவரைக்கும் தேங்காய்களை அடுக்குவதுபோல நின்றாள். அவர் வந்தார். லுங்கியும் வெள்ளைத் தொப்பியுமாக, கையில் துணிப்பை.

"அண்ணாச்சி, வெங்காயம் ரெண்டு கிலோ. அட, மகளும் இருக்கா. ஏம்மா, உங்கம்மா கைக்கு வளையல் போடணும். போன வாரம் அந்தச் சுண்டக்கா கொழம்பு, எங்க வீட்டுல சண்டையே வந்துட்டு."

அய்யாத்துரை வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டார். முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"அடுத்த வாரத்துலேர்ந்து அம்மா வைக்கல, சாச்சா," என்றாள் சங்கரேஸ்வரி. "அவளுக்குக் கால் முடியல. இனி எங்க மொறைக்கு இசக்கிதான் வைக்கப்போறான். அப்பாதான் சொன்னாரு."

தராசுத் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அய்யாத்துரை மகளைப் பார்த்தார்.

"மகனா?" என்றார் கனி பாய். கொஞ்சம் யோசித்தார். "நல்லதுதானே. எங்க ஊர்ல கல்யாணத்துக்குக் களறிக்கறி ஆக்கறதே ஆம்பளங்கதான். ஆயிரம் பேருக்கு ஆக்குவாங்க. நீங்க சரியாச் சொன்னீங்க அண்ணாச்சி. பிள்ளைய இப்பவே பழக்கணும்."

பக்கத்தில் எண்ணெய் வாங்க நின்ற பிரம்மநாயகம், "அண்ணாச்சி மகன் சமைக்கானா? அப்பம் என் மகனுக்கும் சொல்லணும்," என்றார். அது கேலியா பாராட்டா என்று யாராலும் சொல்ல முடியாது.

அய்யாத்துரை வாயைத் திறந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொன்னால், மகள் பொய் சொல்கிறாள் என்றாகும். கால் முடியாத பெண்டாட்டிதான் பொங்கிக் கொடுக்கிறாள் என்றாகும். அடுத்த வாரமும் அவளே பொங்குவாள் என்று கனி பாய் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார். பிறகு, "பழகட்டும்னுதான்," என்றார்.

வீட்டில் அன்று மத்தியானம் பெரிய சத்தம். "கடையில வச்சு என் மூஞ்சில கரியப் பூசிட்டாட்டி உன் மக."

"கரி பூசலப்பா. கனி பாய் நல்லதுன்னாரு, நீங்களும் ஆமான்னீங்க. வேண்டாம்னா இப்பமே போய்ச் சொல்லிருங்க. வீடு அங்கனதான் இருக்கு."

"படிக்க வச்சது இதுக்கா?"

"இதுக்கும்தான்."

இசக்கிராஜ் எழுந்து நின்றான். "என்னய யாராவது கேட்டீங்களா?"

"என்னய எட்டாம் வகுப்புல யாராவது கேட்டாங்களாலே?" என்றாள்.

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா காப்பாற்றுவார் என்றுதான் பார்த்தான். அய்யாத்துரை சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை கிடையாது.

அவர்கள் முறை வந்த அன்று, இசக்கிராஜ் குர்லாவிலிருந்து வந்ததும் சீனியம்மாள் அவனை அடுப்படிக்குத் தள்ளினாளாம். தான் பாயில் படுத்துக்கொண்டு உத்தரவு போட்டாளாம். சங்கரேஸ்வரிக்கு இது ஷைஸ்தா போனில் அனுப்பிய குரலில் தெரிந்தது. ஷைஸ்தா அன்று கிளாஸுக்குப் போகிற வழியில் தூக்குச்சட்டி வாங்கப் போயிருந்தாள்.

"சங்கரி, ஒரு மணி நேரம் வாசல்லயே நின்னேன். கிளாஸ் பாதி போச்சு. உங்கம்மா உள்ள இருந்து, எலே புளி எவ்வளவு போட்டன்னு கத்துறாங்க. அவன், எலுமிச்ச அளவுன்னா எந்த எலுமிச்ச, சின்னதா பெருசாங்கிறான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. போட்டோ அனுப்பிருக்கேன் பாரு, சட்டியோட. ரூல்படி."

வாஷியில் நின்று பார்த்தாள். குழம்பு இருந்தது. கொஞ்சம் அடுப்பிலும் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவும் வந்துவிட்டிருந்தார். சங்கரேஸ்வரி சோறு போட்டாள். இசக்கிராஜ் கட்டிலில் உட்கார்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு, போனைப் பார்க்காமல் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அய்யாத்துரை பிசைந்தார். சாப்பிட்டார். இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார். தண்ணீர் மட்டும் இரண்டு செம்பு குடித்தார்.

சங்கரேஸ்வரி தன் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். உப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. முதன்முதலாக அவள் சாம்பார் வைத்தபோது உப்புக் கூடியதற்கு அப்பா தட்டோடு எழுந்துபோய் வாசலில் கொட்டினார். அந்த வயதில் அவள் தாவணிகூடப் போடவில்லை.

"உப்புக் கரிக்கி," என்றாள்.

"மொத நாளுல்லா," என்றார் அய்யாத்துரை. "போகப்போகச் சரியாப் பழகிருவான்."

அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கை கழுவப் போய்விட்டார். தான் சொன்னதில் ஒரு விசேஷமும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. கேட்டால் புரியவும் செய்யாது. கேட்கவில்லை. மோரை ஊற்றி உப்பை அடக்கி, தட்டிலிருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள். பசி இருந்தது.

இசக்கிராஜ் மெதுவாக அருகில் வந்து நின்றான். "ரொம்ப மோசமாக்கா?"

"தின்னாச்சுல்லா."

தன் தட்டைக் கழுவி வைத்தாள். அப்பாவின் தட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அடுப்பின்மேலேயே அடிபிடித்துக் கருகிக் கிடந்த பெரிய சட்டியைச் சுட்டிக்காட்டிவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக் காலை நீட்டினாள்.

"நாளைக்கு ஷைஸ்தா வீட்டு மொறைதானே," என்றான் அவன். "ஊறட்டும், காலையில கழுவிக்கிடலாம்லா?"

"காலையில அந்த அடுப்புல அம்மா இட்லி அவிக்கணும்," என்றாள் சங்கரேஸ்வரி. "இப்பமே கழுவு."